வயிறு நிறைந்து ஆடிய ஆட்டம்

தாரந்தோ, ஏப்ரல் 18

நீவெஸ்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதை அடுப்பில் போடத் தோன்றியிருக்கும். போடுவதற்கு முன் இரண்டு வரியாவது படிப்பாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். தொலைபேசி என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் புருஷன் ப்ரீமோ எடுத்தாலோ, "அவ கடையில இல்லையே மிரெல்லா" என்று பொய் சொல்கிறான். பின்னால் நீ பாத்திரம் உருட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. பாவம், அவனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

விஷயம் இதுதான். மே மாதம் ரோமில் ஆடிவிட்டு டென்னிஸையே நிறுத்தப் போகிறேன். நம் ஊர் கிளப்பின் தலைவர் கவீனா, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜூன் முதல் தேதி ஆரம்பம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரியும்.

இன்று இங்கே இரண்டாம் சுற்றில் தோற்றேன். ஜெயித்தது பள்ளிக்கூடப் பெண். கைகுலுக்கும்போது, "எங்க டீச்சர் சின்ன வயசுல உங்க ரசிகையாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அதனால்தான் இன்னும் வலிக்கிறது. இருபத்தொன்பது வயதில் ஒரு டீச்சரின் இளமைக் கால நினைவாக ஆகிவிட்டேன். பதினேழு வயதில் ஜூனியர் சாம்பியன் ஆனபோது பேப்பர்காரர்கள் என்னென்ன எழுதினார்கள்! அதற்குப் பிறகு நான் கண்டதெல்லாம் ரயில் பெஞ்சும், ஓட்டல் வாஷ்பேசினில் துவைத்த சாக்ஸும்தான். ஒவ்வொரு வருஷமும் ரோமுக்குப் போகிறேன், ஒவ்வொரு வருஷமும் தகுதிச் சுற்றிலேயே மூட்டை கட்டுகிறேன். பிரதானச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது நடக்காமலே முடியப் போகிறது.

ஊருக்கெல்லாம் தெரிவதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதே.

மிரெல்லா

*

ஃபாயென்சா, ஏப்ரல் 24

மிரெல்லா,

அடுப்பு முழுக்க ரொட்டி கிடந்தது, உன் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் படித்துத் தொலைத்தேன்.

நீ நிறுத்தினால் எனக்கென்ன, நிறுத்தாவிட்டால் எனக்கென்ன? ஆனால் "ஏன் என்று கேட்காதே" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பேன். இரண்டு வருஷத்துக்கு முன் முழங்காலில் கத்தி வைத்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தேனே, அப்போது எனக்கு எதுவும் தெரிய வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கிழவர் படித்துவிட்டுக் கொடுத்த பேப்பரில்தான் பார்த்தேன். இரட்டையர் ஆட்டம், பாசெல், முதல் சுற்று. உன் பெயர். அதன் பக்கத்தில் ஒரு டென்மார்க்காரியின் பெயர். ஆறு வருஷம் என் பெயர் இருந்த இடம் அது.

வேறு ஆளோடு ஆடியதற்குக் கோபமில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் ஆடியிருப்பேன். ஆனால் ஆடுவதற்கு முன் ஒரு போன் செய்திருப்பேன்.

சரி, அது கிடக்கட்டும். நீ ஏன் தோற்கிறாய் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். போன அக்டோபரில் போலோன்யாவில் ஆடினாயே, கடைசி வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். உன்னைப் பார்க்க வரவில்லை. ப்ரீமோவுக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. நீ பின்கோட்டுக்கும் பின்னால், சுவரை ஒட்டி, பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல நின்றாய். அங்கிருந்தே இடமும் வலமும் ஓடி ஓடித் திருப்பிக்கொண்டிருந்தாய். எதிரில் ஆடியவளுக்கு உன்னைவிடப் பத்து வயது குறைவு. ஓட்டத்தில் அவளை ஜெயிக்க முடியுமா?

என்னோடு ஆடும்போது நீ அப்படியா ஆடினாய்? சர்வீஸ் போட்ட கையோடு வலைக்குப் பாய்வாய். நெட்டுக்கு முன்னால் உன்னைப் போல் பந்தை வெட்டிப் போடுகிறவள் இத்தாலியிலேயே கிடையாது. தனியாக ஆடும்போது மட்டும் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டேன் என்கிறாய். ரோமில் வலைக்குப் போ. தோற்றாலும் பார்க்க நன்றாயிருக்கும்.

மேலும் எழுத நேரமில்லை. கடை வாசலில் ஆள் நிற்கிறது.

நீவெஸ்

*

ரோம், மே 3

நீவெஸ்,

கறுப்புக் கண்ணாடி! அந்த வெயிலில்லாத நாளில், கூரை போட்ட அரங்கத்துக்குள், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒரே ஆள் நீதான். எனக்கு அன்றைக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் வாசலுக்கு ஓடி வந்தேன், அதற்குள் ப்ரீமோவின் வேன் தெருக்கோடியைத் தாண்டிவிட்டது.

டென்மார்க்காரி விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. டாக்டர் உனக்கு ஒரு வருஷம் ஓய்வு என்றார். அந்த ஒரு வருஷமும் நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? போன் செய்யாதது ஏன் என்றால், செய்திருந்தால் நீ "போ" என்றுதான் சொல்லியிருப்பாய். அந்தப் "போ"வைக் கேட்டுவிட்டு என்னால் ஆடியிருக்க முடியாது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

வலைக்குப் போவது பற்றி உன் யோசனையைப் படித்துச் சிரித்தேன். ரோமின் செம்மண் களத்தில் பந்து மெதுவாக வரும், எதிராளிக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். வலைக்கு ஓடி வருகிறவளுக்குப் பக்கவாட்டில் ஒன்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இரட்டையர் ஆட்டத்தில் பாதிக் களத்தை நீ பார்த்துக்கொண்டாய். தனியாக நான் எத்தனை பக்கம் பார்ப்பது? பின்னால் நில், திருப்பு, அவளுக்குச் சலிக்கும்வரை திருப்பு. பால் பல் விழுவதற்கு முன்பிருந்தே நமக்கு இதைத்தானே ஓதினார்கள்? நம் ஊரில் வலைக்கு ஓடுகிற பிள்ளையைக் கண்டால் அதன் அம்மாவிடம் புகார் போகும்.

வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று ஆரம்பம். என் வழியிலேயே ஆடுகிறேன். கடைசியாக ஒரு முறை.

மிரெல்லா

*

ஃபாயென்சா, மே 5

வலைக்குப் போடீ. ரொட்டி கருகுகிறது, இவ்வளவுதான் எழுத முடியும்.

நீவெஸ்

*

ரோம், மே 10

நீவெஸ்!

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் உன் முழங்காலுக்கு ஆகாது.

முதலில் கெட்ட செய்தி. ஞாயிற்றுக்கிழமை, தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றேன். சுவரை ஒட்டி நின்று, திருப்பித் திருப்பி, மூன்றாவது செட்டில் கால் இரண்டும் செத்துப்போய்த் தோற்றேன். அறைக்கு வந்தால் உன் ஒரு வரிக் கடிதம் காத்திருக்கிறது. கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன்.

காத்திருப்போர் சடங்கு உனக்குத் தெரியாததில்லை. கடைசிச் சுற்றில் தோற்றவர்கள் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பிரதான ஆட்டக்காரிகளில் யாருக்காவது கடைசி நிமிஷத்தில் கால் பிசகினால், காய்ச்சல் வந்தால், அந்த இடம் நமக்கு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு நாள் முழுக்கப் பட்டினியாகக் காத்திருந்தேன். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் குதிரை போல இருந்தார்கள். செவ்வாயும் கையெழுத்துப் போட்டேன். முதல் சுற்றில் மிச்சம் இருந்தது நாலைந்து ஆட்டம்தான். இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று பின்வாசலில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வாழ்க்கை முடிந்துவிட்டது, வயிறாவது நிறையட்டும் என்று ஒரு தட்டு ரிகத்தோனி பாஸ்தா வாங்கினேன். பன்றிக் கறியும் தக்காளியும் போட்டு, மேலே ஆட்டுப்பால் சீஸ் மலையாகத் தூவி வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். கடைக்காரம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பள சமாச்சாரம்னா இன்னொரு தட்டு தின்னும்மா, சரியாப்போயிடும்" என்று இரண்டாவது தட்டையும் வைத்துவிட்டுப் போனாள். அதையும் தின்றேன்.

ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருக்கும்போது போட்டி அலுவலகத்து ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஸாவுலி! மிரெல்லா ஸாவுலி இங்க இருக்காங்களா? ஒருத்திக்குக் காய்ச்சல். உங்க ஆட்டம்தான், உடனே வாங்க!"

"எப்போ?"

"எப்போவா? எதிராளி களத்துல நிக்கிறாம்மா!"

நீவெஸ், சத்தியமாகச் சொல்கிறேன், ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை. எதிரில் ஓர் அர்ஜென்டினாப் பெண், மான் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று கேமும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. பந்து வலது மூலைக்குப் போனால், நான் பாதி தூரம் போய் நின்று வழியனுப்பி வைத்தேன். மேலே உட்கார்ந்திருந்த ஒரு ரோம்காரன் கத்தினான்.

"ஏம்மா, காலை ஊர்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

எனக்கும் எங்கிருந்தோ கொழுப்பு வந்துவிட்டது. "காலு இருக்குய்யா! வயித்துல ரிகத்தோனி இருக்கு!"

"எத்தன தட்டு?"

"ரெண்டு!"

அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் தோளில் இருந்து ஏதோ இறங்கிப் போனது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பத்து தடவை பந்தைத் திருப்புகிற ஆட்டம் இன்றைக்கு என்னால் ஆகாது. இரண்டு மூன்று அடியில் முடித்தால்தான் உண்டு. சீக்கிரம் முடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. அதை நீ உன் ஒரு வரியில் எழுதியிருந்தாய்.

போனேன். சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்குப் போனேன். தொந்தியைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. செம்மண்ணில் ஒருத்தி முன்னால் வந்து மூக்குக்கு நேரே நிற்பதை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பக்கவாட்டில் போட்டுப் பார்த்தாள், மேலே தூக்கிப் போட்டுப் பார்த்தாள். நான் வெட்டி வெட்டிப் போட்டேன். என் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் வலைக்குப் போகும்போதெல்லாம் ஜனம், "ரி-க-தோ-னி!" என்று கத்தியது. நடுவர் மூன்று தடவை அமைதி காக்கச் சொன்னார், நாலாவது தடவை அவரே சிரித்துவிட்டார்.

7-5, 6-3. பிரதானச் சுற்றில், ரோமில், நான் ஜெயித்துவிட்டேன். களத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டாம் சுற்று. விரைவு அஞ்சலில் போடுகிறேன். இன்றைக்கு வெறும் வாழைப்பழம்தான் சாப்பிட்டிருக்கிறேன், இருந்தாலும் வலைக்குப் போகப் போகிறேன்.

மிரெல்லா

*

ஃபாயென்சா, மே 12

அடியே ரிகத்தோனி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று நீ பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டே போகிறாய், இங்கே எனக்குக் கடை நடத்த முடியவில்லை. ப்ரீமோ வீட்டு டிவியைத் தூக்கி வந்து மாவு மூட்டை மேல் வைத்துவிட்டான். ரொட்டி வாங்க வந்தவன் ஒருவனும் திரும்பிப் போகவில்லை. தபால்காரன் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். இந்தத் தெருவில் இன்று யாருக்கும் தபால் கிடையாது.

இன்று காலிறுதி பார்த்தேன். எல்லாம் சரி, ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. கடைசி செட்டில் அந்த அமெரிக்கப் பெண் அடித்த பந்தை வெளியே என்று கோட்டு நடுவர் சொல்லிவிட்டார். பாயின்ட் உனக்கு. நீ பாட்டுக்கு நடந்து போய், மண்ணில் பந்து பதிந்த தடத்தைப் பார்த்து, கோட்டில் பட்டிருக்கிறது என்று காலால் தேய்த்து அழித்துவிட்டு அவளுக்குப் பாயின்ட்டைக் கொடுத்தாயே! "யாரைக் கேட்டுடீ அழிச்ச?" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டது. ரோம்காரர்கள் உன்னையே விசில் அடித்துத் திட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் திட்டினேன்.

அடுத்த நாலு பாயின்ட்டிலும் வலைக்குப் போய் ஆட்டத்தை முடித்தாய். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தபால்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேனாம். ப்ரீமோ சொல்கிறான். கல் மேல் போட்ட ரொட்டி எல்லாம் கரிக்கட்டை. ஒருவன்கூடக் குறை சொல்லவில்லை, கருகினதையே தின்றுவிட்டுப் போனார்கள்.

நாளை அரையிறுதி. எதிரில் நிற்பவள் உலகத்தில் மூன்றாவது என்கிறார்கள். இருக்கட்டும். அவள் மட்டும் என்ன, ரொட்டி தின்னாதவளா?

நீவெஸ்

*

ஓஸ்தியா, மே 15

நீவெஸ்,

அத்தை வீட்டில், கடற்கரையில் இருக்கிறேன். ஊருக்கு வரப் பயம். பாண்டு வாத்தியத்தோடு ஸ்டேஷனில் நிற்போம் என்று தலைவர் கவீனா போனில் சொன்னார்.

அரையிறுதியில் தோற்றதைப் பார்த்திருப்பாய். 6-4, 7-6. உலகத்தில் மூன்றாவது ஆட்டக்காரி வலைக்குப் பக்கத்தில் வந்து கைகொடுத்து, "இனிமே உங்கள செம்மண்ணுல பார்க்கவே கூடாதுன்னு வேண்டிக்கிறேன்" என்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. தோற்றவளுக்கு! ரோமில்! காலிறுதியில் என்னைத் திட்டிய அதே ஜனம்! நான் வாசலைத் தாண்டிய பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை என் அப்பா கேட்டிருக்க வேண்டும். இப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போதே நிறுத்திவிடுவதுதான் அழகு என்று தோன்றுகிறது. இதற்கு மேல் எங்கே போவேன்? பாரிஸ் தகுதிச் சுற்றுக்கு என் பெயர் எப்போதோ கொடுத்தது, இன்னும் இருக்கிறது. விலகுவதாக அவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். அங்கே போய் முதல் நாளே ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் தோற்றால், ரோம் ஏதோ அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டு தட்டுச் சாப்பாட்டால் வந்த வெற்றிதானே! தலைவரிடம் "ஜூன் முதல் தேதி வந்துவிடுகிறேன்" என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். குழந்தைகளுக்கு வலைக்கு ஓடச் சொல்லிக்கொடுப்பேன், அவர்கள் அம்மாக்கள் என்னைத் திட்டட்டும்.

நீ என்ன நினைக்கிறாய்? இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

மிரெல்லா

*

ஃபாயென்சா, மே 18

மிரெல்லா,

காலையில் உன் கடிதம் வந்தது. பாதி படித்துக்கொண்டிருக்கும்போது தலைவர் கவீனாவே கடைக்கு வந்தார். ஆள் புதுச் சட்டை, புதுத் தொப்பி. மேயர் மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

"மிரெல்லா எப்போ வர்றா? போர்டு எழுதச் சொல்லியாச்சு. 'ரோம் வீராங்கனை பயிற்சி தருகிறார்'னு பெரிய எழுத்துல போடச் சொன்னேன். எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா அவ வரமாட்டா. வேற ஆளைப் பாருங்க."

"என்னது? அவளே அன்னிக்கு போன்ல தலையாட்டினாளே!"

"போன்ல தலையாட்டினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? அவ பாரிஸ் போறா. அப்புறம் லண்டன் போறா. அப்புறம் எங்கெங்க கூப்பிடறாங்களோ அங்கெல்லாம் போறா. அவளுக்கு இப்பத்தான் ஆடவே தெரிஞ்சிருக்கு. இப்போ கொண்டுவந்து குழந்தைகளுக்குப் பந்து பொறுக்கிப் போடச் சொல்றீங்களா?"

மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு ரொட்டி கொடுத்து அனுப்பினேன்.

அதிர்ஷ்டமாம்! ஒரு நாள் வயிறு நிறைந்து ஆடினாய், சரி. மீதி நாளெல்லாம் வாழைப்பழம் தின்றுவிட்டுத்தானே ஜெயித்தாய்? தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் நீ மறுபடியும் சுவரை ஒட்டிப் போய் நிற்கப் பார்க்கிறாய், அவ்வளவுதான். இந்தத் தடவை அந்தச் சுவருக்குக் கிளப் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

எனக்கு முழங்கால் போய்விட்டது. எனக்கும் இருபத்தொன்பதுதான். இன்னும் ஒரு செட் ஆட விடுவார்கள் என்றால் இந்தக் கடையை, கல்லை, அடுப்பை எல்லாம் போட்டுவிட்டு ஓடி வருவேன். உன் கால்கள் இரண்டும் உன்னிடம் இருக்கின்றன, மிரெல்லா. அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க உனக்கு உரிமை இல்லை. கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன்னைக் கேட்காமல் தலைவரிடம் முடிவைச் சொல்லிவிட்டேன். ஒரு போன்கூடச் செய்யவில்லை. கோபம் வந்தால் நேரில் வந்து சண்டை போடு. ஆனால் பாரிஸை முடித்துவிட்டு வா.

உன் நீவெஸ்

*

(அஞ்சலட்டை)

பாரிஸ், மே 30

நீவெஸ்,

தகுதிச் சுற்று தாண்டிவிட்டேன். இன்று பிரதானச் சுற்றின் முதல் ஆட்டம் 6-2, 6-3. ஜெயித்தது நான்.

தலைவரிடம் நீ சொன்னதற்கு உன் மேல் எனக்குக் கொலைவெறி. வந்து சண்டை போட வேண்டும், ஆனால் இப்போது முடியாது. நாளை மறுநாள் ஆட்டம் இருக்கிறது.

மிரெல்லா